பச்சை வேட்டிக்காரர் நின்ற கடல்

இதை எழுதலாமா என்று நாலு வருஷம் தயங்கினேன். எட்டாவது வரை படித்தவள் நான். சினிமா பார்க்கப் போனதையெல்லாம் எழுதினால் சிரிப்பார்களே என்றிருந்தது. பழனியாண்டவர் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குத் தொப்பம்பட்டியில் பஸ் ஏறினோம், நானும் என் வீட்டுக்காரரின் தங்கை செல்வியும். பழனியில் இறங்கி, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திண்டுக்கல் வண்டி பிடித்தோம். அறுபது கிலோமீட்டர். ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காய்க் கட்டு ஏற்ற வண்டி நெடுநேரம் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து என் வீட்டுக்காரரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முந்தின வருஷத் தைப்பூசத்துக்கு அவர் மாலை போட்டு, பச்சை வேட்டியும் பச்சைத் துண்டுமாக இருந்த சமயம். எங்கள் சோளக்காட்டுக்குச் சினிமாக்காரர்கள் வந்து, பெரிய பச்சைத் துணியை மூங்கிலில் கட்டி, அதற்கு முன்னால் சண்டை எடுத்தார்கள். காற்றுக்குத் துணி நிற்கவில்லை. பச்சை உடுத்தியவர் பிடித்தால் நல்லது, துணியோடு அவரும் மறைந்துவிடுவார், அந்த இடத்தில் கம்ப்யூட்டரில் கடல் வைத்துவிடுவோம் என்று இவரைக் கூப்பிட்டார்கள்.

சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தார். "தெரியாம நிக்கறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க புள்ள. ஆனா கையாவது தெரியும், பாரு."

அந்த மாசியிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். படம் வந்ததும் அந்தக் கையைப் பார்க்கத்தான் கிளம்பினேன்.

திண்டுக்கல்லில் பதினொரு மணி ஆட்டம். சின்ன வயதில் டென்ட் கொட்டகையில் அம்மன் படம் பார்ப்போம். பறந்து வரும் சூலத்தில் கட்டிய கயிறு நன்றாகத் தெரியும். அப்படியும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். இந்தப் படத்தில் கயிறுமில்லை, மூங்கிலுமில்லை. எங்கள் சோளக்காடு முழுக்கக் கடல். அலை, கப்பல்.

"இடது பக்கமுங்க அண்ணி, அங்கதான் அண்ணன் நின்னாரு" என்றாள் செல்வி. அங்கே அலைதான் அடித்தது.

பக்கத்து இருக்கையில் திண்டுக்கல்காரர், ஒரு முஸ்லிம் அம்மா. "எதுக்குத்தா அழுகுற? அம்புட்டும் கிராபிக்ஸு" என்று முறுக்கை நீட்டினார்.

"அந்தத் தண்ணிக்குள்ள எங்க வீட்டுக்காரர் நிக்கறாருங்க."

செல்வி அந்த அம்மாவின் காதோடு விஷயத்தைச் சொன்னாள். அவர் முறுக்கைப் பையில் போட்டுவிட்டு, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அந்தச் சண்டை முடியும்வரை அந்தப் பக்கமே பார்த்திருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் செல்வி, "ஊருல கேட்டா கை தெரிஞ்சுதுன்னு சொல்லிப்போடலாமுங்க அண்ணி" என்றாள். வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டாள். இப்போது எங்கள் பக்கத்தில், கடலுக்கு மேலே பச்சைத் துண்டோடு கை எழும்பியது, அதில் வேல் இருந்தது, முருகன்தான் காட்டினார் என்று பேசுகிறார்கள்.

முருகன் பேரில் நடக்காததைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. படிக்கிறவர்கள் யாரிடமாவது சொன்னால், ஒன்றும் சேர்க்காமல் இப்படியே சொல்லுங்கள். கை தெரியவில்லை. ஒரு விரல்கூடத் தெரியவில்லை. அந்தக் காற்றிலும் அவர் துணியை அசையாமல் பிடித்திருந்தார்.