கண்ணை மூடுங்க, எது காணோம்?

என் தங்கையின் முதலாண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய ஒரே அண்ணன் எழுதுவது. “அம்மாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க மாமா” என்று தங்கையின் மகன் கேட்டார். நல்லது நிறைய உண்டு. ஆனால் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் அதை எழுத எனக்குத் தகுதியில்லை.

தங்கை நீலகிரி மலையில் சோலூரில் பிறந்தார். எங்கள் பெற்றோர் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்து மளிகைக் கடை வைத்தவர்கள். அப்பா சீக்கிரமே காலமானார். நான் படித்து முடிக்கும்வரை அம்மாவுடன் கடையில் நின்றவர் தங்கைதான். பிறகே அவர் ஆசிரியப் பயிற்சிக்குப் போனார். நான் தலைமையாசிரியராக இருந்த தேயிலைத் தோட்டப் பள்ளியிலேயே வேலை கிடைத்தது. சின்ன வகுப்புகளுக்கு ஆங்கிலம்.

மேசையில் சீப்பு, பூட்டு, குடை, உருளைக்கிழங்கு என்று பரப்பி வைப்பார். பிள்ளைகள் கண்ணை மூடியதும் ஒன்றை ஒளித்துவிட்டு, “எது காணோம்?” என்பார். ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். தெரியாத பிள்ளைக்கு அடி கிடையாது. அந்தப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள் பெயரைச் சொல்லித் திருப்பித் தரவேண்டும்.

தேயிலை விலை சரிந்த காலம் அது. தோட்டத்தில் வேலை நாள் குறையக் குறைய, குடும்பங்கள் திருப்பூருக்கு இறங்கின. ஒரு பையன் பள்ளிப் பூட்டோடு போய்விட்டான்.

“பூட்டு போச்சே அம்மிணி?”

“போகட்டுங்கண்ணா. லாக்குன்னு படிச்சிட்டுத்தான போயிருக்கான். அங்க ஊட்டப் பூட்டிக்குவான்” என்று சிரித்தார்.

பிள்ளைகள் குறைந்ததால், பள்ளியைத் தொடர்வதா என்று முடிவு செய்யத் தோட்ட மேலாளர் வருவதாகத் தகவல் வந்தது. “இனிமே வெளையாட்டு வேண்டாம். பாடத்த மனப்பாடமா ஒப்பிக்க வெய்யி” என்றேன்.

“அதுகளுக்கு ஒண்ணும் புரியாதுங்கண்ணா.”

“ஹெட்மாஸ்டர் நானா, நீயா?”

மேசைப் பொருள்களை எடுத்து அலமாரியில் வைத்தார்.

பிள்ளைகள் கணீரென்று ஒப்பித்தார்கள். மேலாளர் தம் கைக்குடையைக் காட்டி, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு சிறுமி எழுந்து, கைகட்டி, பாடத்தை முதல் வரியிலிருந்து மறுபடி ஒப்பித்தாள். அலுவலக அறைக்கு வந்ததும் அவர் என்னை முறைத்தார். “டீச்சர் எந்நேரமும் வெளையாட்டுத்தானுங்க சார். நானும் சொல்லிப் பாத்துட்டேன்” என்றேன்.

பள்ளி நீடித்தது, என் வேலையும் நீடித்தது. தங்கையை நிறுத்திவிட்டார்கள். “தேயிலைக்கு வெல இல்ல அம்மிணி, ஆள் கொறைக்கறாங்க” என்று அவரிடம் சொன்னேன்.

விலக்கப்பட்ட ஆசிரியையை வேறு பள்ளிகள் எடுக்கவில்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில் ஒரு மழலையர் பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்தார். கணவரை இழந்தார். அந்தச் சம்பளத்திலேயே மகனைப் படிக்கவைத்தார். பொங்கலுக்குப் பொங்கல் என் வீட்டுக்கு வந்து, ஒரு குறையும் சொல்லாமல் போவார்.

கடைசியாக ஊட்டி மருத்துவமனையில் ஒரு மாலை அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலருகே தட்டில் டம்ளர், மாத்திரை அட்டை, சீப்பு, ஓர் ஆரஞ்சு. “கண்ண மூடுங்கண்ணா” என்றார். மூடினேன். மூடியிருந்ததால்தான் என்னால் சொல்ல முடிந்தது.

“ஆள் கொறைப்பு இல்ல அம்மிணி. மேனேஜர்கிட்ட உன்னப் பத்திச் சொன்னது நாந்தான்.”

தட்டிலிருந்து எதையோ எடுக்கும் சத்தம் கேட்டது.

“அன்னைக்கே தெரியுமுங்கண்ணா. கண்ணத் தொறங்க. எது காணோம்?”

கண்ணீரில் தட்டே தெரியவில்லை. “தெரியலையே அம்மிணி.”

“ஹெட்மாஸ்டருக்கே தெரியலீங்களா!” போர்வைக்குள்ளிருந்து சீப்பை எடுத்து என் கையில் வைத்தார். “ஊட்டுக்குக் கொண்டு போங்க. நாளைக்கு வந்து சொல்லிட்டுக் குடுங்க.”

விடிவதற்குள் போய்விட்டார்.

தங்கையைத் தாய்போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், துக்க வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், திருப்பூரிலிருந்து வந்து பாடைக்குத் தோள் கொடுத்த அவருடைய பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

சீப்பு என் மேசைமேல் இருக்கிறது. காலையில் அதைக் கையில் எடுத்து, அதன் பெயரை ஆங்கிலத்தில் சொல்கிறேன். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.