ஓடிய பிறகு கை வைத்துப் பாருங்கள்

1. கருப்பட்டி வண்டிக்காரர்

ஓட்டம் முடிந்து பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற நேரத்தில் வேதமுத்து அண்ணாச்சி மைதானத்துக்குள் வந்தார். மகள் ஜெபமணி "அப்பா" என்று ஓடிப்போய் அவர்மேல் தாவினாள். தூக்கிய மனிதரின் முகம் அப்படியே மாறிவிட்டது. அவள் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"வாத்திச்சியம்மா! எம்பிள்ளைய என்ன பண்ணி வச்சிருக்கிய? நெஞ்சு இந்தத் துள்ளு துள்ளுது!"

நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பெண்பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். வாசிப்பும் கணக்கும் போக, சாயங்காலம் டிரில்லும் என் தலையில்தான். அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ், மார்ச் எல்லாம் முடித்து, கடைசியில் வேப்பமரத்திலிருந்து கிணறுவரை ஓடித் திரும்ப வேண்டும். பெண்பிள்ளைகளை ஓடவிடுவதா என்று ஊரில் முணுமுணுத்தவர்கள் உண்டு. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளை மந்தமாகும் என்பது என் கட்சி. இன்றைக்கும் அதே கட்சிதான்.

"ஓடுனா துள்ளத்தான செய்யும் அண்ணாச்சி" என்றேன்.

"துள்ளும்னு சிரிச்சுக்கிட்டுச் சொல்லுதிய! நாளையிலருந்து பிள்ள வரமாட்டா. டிரில்லுக்கு மட்டுமில்ல, பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டா."

எனக்குச் சுருக்கென்றது. ஜெபமணி வராவிட்டால் அவள் ஒருத்தியோடு போகாது. பஸ் இல்லாத காலம். அவர் கருப்பட்டி வியாபாரி. அவர் ஊர்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அவருடைய மாட்டுவண்டியில்தான், ஓலையில் கட்டிய கருப்பட்டிச் சிப்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து பள்ளிக்கூடம் வந்தார்கள். வண்டி நின்றால் அத்தனை பேர் படிப்பும் நின்றுபோகும். அந்தப் பிள்ளைகளை எழுதப்படிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். விடுவேனா?

வண்டி ஓட்டுகிற சுடலை என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "எக்கா, அண்ணாச்சிகிட்டச் சண்டைக்கு நிக்காதிய. மூத்த பயல பறிகொடுத்தவுக. அப்ப வீடு ஆத்துக்கு அந்தப்பக்கம். பயலுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரலாம்னா ஆத்துல வெள்ளம், வண்டி இறங்கல. கரையில மடியிலயே போட்டு வச்சிருந்தாவ. பயலுக்கு நெஞ்சு இப்படித்தான் அடிச்சிக்கிட்டே கெடந்துச்சு."

அதற்குப் பிறகுதான் அவர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் குடிவந்திருக்கிறார். அந்தக் கைக்கு வேகமாக அடிக்கும் நெஞ்சு என்றால் ஒரே அர்த்தம்தான். எனக்குக் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. ஆனால் பிள்ளைகளை விட்டுக்கொடுக்கும் எண்ணம் மட்டும் வரவில்லை.

2. அண்ணாச்சியின் ஓட்டம்

"அண்ணாச்சி, ஒரே ஒரு காரியம் செய்யுங்க. பிறகு பிள்ளைய இட்டுட்டுப் போங்க, நான் குறுக்க வரல" என்றேன். "உங்க வண்டியில வார பிள்ளைக எல்லாரும் இன்னொரு தடவ கிணறுவரைக்கும் ஓடி வரட்டும். நீங்களும் கூட ஓடுங்க. ஓடி முடிச்சு ஒவ்வொருத்தி நெஞ்சுலயும் கைய வச்சுப் பாருங்க."

"நானா? என்ன வாத்திச்சியம்மா, கிண்டலா?"

கருப்பட்டி வியாபாரம் அவர் வயிற்றை நன்றாகவே வளர்த்திருந்தது. அவர் தயங்கி நிற்கையிலேயே ஜெபமணி அவர் இடுப்பிலிருந்து இறங்கிக் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கப்பா, நான் பைய, உங்க கூடவே ஓடுதேன்." மற்றப் பிள்ளைகளும் "மாமா, வாங்க மாமா" என்று சூழ்ந்துகொண்டார்கள். தினமும் வண்டியில் பார்க்கும் மாமா ஓடப்போகிறார் என்றால் சும்மா விடுவார்களா? வேட்டியை மடித்துக் கட்டினார். நான் விசில் ஊதினேன். சுடலை சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சொர்ணம் என்கிற பிள்ளைதான் வழக்கம்போல முதலில் வந்தாள். அவளை யாரும் ஜெயித்ததே கிடையாது. அண்ணாச்சி கடைசி. மூச்சிரைக்க ஒவ்வொரு பிள்ளையாக நெஞ்சில் கை வைத்தார்.

"ஏயப்பா! எல்லாத்துக்குமா இந்த அடி அடிக்குது!"

"எல்லாத்துக்குந்தான். இப்ப எல்லாரும் மரத்தடியில உக்காருங்க. தண்ணி குடிங்க."

உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கிள்ள ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி வேப்பம்பழம் பொறுக்கப் போனாள். அண்ணாச்சி மட்டும் மரத்தில் சாய்ந்து இரைத்துக்கொண்டிருந்தார். ஜெபமணியை இழுத்து நெஞ்சில் கை வைத்தார். பிறகு தன் நெஞ்சில் வைத்தார். அவர் முகத்தில் ஒரு திகைப்பு.

"இவளுக்கு அடங்கிட்டே! எனக்கு இன்னும் கெடந்து அடிக்குது."

"சின்னப் பிள்ளைக நெஞ்சு அப்படித்தான் அண்ணாச்சி. சட்டுனு ஏறும், சட்டுனு இறங்கும். இதுக ஒடம்பு சின்னது, ரத்தத்த ஓட்ட நெஞ்சு வேகமாத்தான் அடிக்கணும். நாமதான் மெதுவா அடங்குவோம். பயப்படணும்னா நீங்க உங்களுக்குப் பயப்படுங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. சரி, வண்டி நாளைக்கும் வரும் என்று நினைத்துக்கொண்டேன். சிரித்தபடியே மற்றப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். "இவளுக்கும் அடங்கிட்டு. இவளுக்கும். ஏட்டி சொர்ணம், நீயும் வா."

அவள் நெஞ்சில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"வாத்திச்சியம்மா, கொஞ்சம் இங்கன வாங்க. இந்தப் பிள்ளைக்கு அடங்கலியே."

நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். ஓடி வந்த நிமிஷத்தில் எப்படி அடித்ததோ அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் லேசான சூடு. ஒரு முழங்கால் வீங்கியிருந்தது.

"முட்டு வலிக்கா தாயி?"

"வலிக்கு டீச்சர். சொன்னா ஓட விடமாட்டியன்னு சொல்லல."

நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அண்ணாச்சி அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "ஏலே சுடலை, சிப்பத்த எல்லாம் இங்கனயே தள்ளுலே! ஆஸ்பத்திரிக்கு விடு!"

நானும் ஏறிக்கொண்டேன். அவர் மடியில் சொர்ணம். வழி நெடுக அவள் நெஞ்சிலிருந்து அவர் கையை எடுக்கவே இல்லை. மிஷன் ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருதான். அந்த வாசலைக் கண்டதும், "நடுவுல ஆறு இல்ல, நடுவுல ஆறு இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

3. அடங்குகிறதா என்று

டாக்டரம்மாள் ஸ்டெதஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டார். முட்டுவலியோடு வருகிற காய்ச்சல், இருதயத்தில் இறங்கப் பார்க்கிறது, இப்போதே கொண்டுவந்தது நல்லது, இனி ஓடாமல் படுக்கையில் இருக்கவேண்டும் என்றார். சுடலை மற்றப் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுச் சொர்ணத்தின் தகப்பனாரை வண்டியில் அழைத்துவரும்வரை அண்ணாச்சி வராந்தாவை விட்டு நகரவில்லை.

அங்கே வைத்துத்தான் என்னிடம் அவர் வாயைத் திறந்தார். "அன்னைக்கும் எம் பயல் நெஞ்சுல கைய வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் வாத்திச்சியம்மா. அடிக்குது, அடிக்குதுன்னுதான் பயந்தேன். அடிச்சா உசுரு இருக்குன்னும் ஒரு தைரியம். எந்த அடிக்குப் பயப்படணும், எதுக்கு வேண்டாம்னு சொல்ல ஆளில்ல." நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் வண்டி வருமா என்று வாசலிலேயே நின்றேன். வந்தது. ஜெபமணி முதல் ஆளாகக் குதித்தாள்.

"ஓடட்டும்" என்றார் அண்ணாச்சி. "ஓடி முடிச்சதும் கை வச்சுப் பாக்காம விட்டுராதிய."

அன்றிலிருந்து நான் வேலையை விடும்வரை அதுதான் எங்கள் பள்ளியின் டிரில் வழக்கம். ஓட்டம் முடிந்து மரத்தடியில் உட்கார்ந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். இப்போது டிரில் நடத்த வருகிற இளம் டீச்சர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். பிள்ளைகளைத் தைரியமாக ஓடவிடுங்கள். நெஞ்சு வேகமாக அடிக்கிறதே என்று யார் வந்து சத்தம் போட்டாலும் கலங்காதீர்கள். உட்கார்ந்த பிறகு அடங்குகிறதா என்று மட்டும் தவறாமல் பாருங்கள். அடங்காத பிள்ளையை, அவள் எவ்வளவு கெட்டிக்காரியானாலும், மறுபடி ஓடவிடாதீர்கள்.

சொர்ணம் பல மாதம் கழித்துத்தான் பள்ளிக்கு வந்தாள். டாக்டரம்மாள் முதலில் நடக்கச் சொன்னார். வெகுநாள் கழித்துத்தான் மெதுவாக ஓடலாம் என்றார். அவள் மறுபடி கிணறுவரை ஓடிய அன்றைக்கு அண்ணாச்சி சிப்பம் இறக்குகிற வேலையைப் போட்டுவிட்டு வந்து மரத்தடியில் நின்றார். சொர்ணம் அன்று நடுவில்தான் வந்தாள். முதலில் வந்தவள் ஜெபமணி. "அப்பா, நான்தான் முதல்" என்று மகள் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"இரு தாயி" என்று சொல்லிவிட்டு அவர் சொர்ணத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அவள் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளைகள் எல்லாரும் வந்து அவரைச் சுற்றி நின்றார்கள்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அடங்கிட்டு" என்றார்.