மலை உச்சியில் பாய்மரப் படகு

கீழே உள்ள ஊர்களுக்கெல்லாம் தொலைக்காட்சிப் படம் அனுப்புகிற கோபுரம் அது. அதைக் கட்டி மேய்க்கிறவர்களுக்கு மட்டும் ஒழுங்கான டெலிபோன் லைன் கிடையாது. மேகம் தும்மினால் லைன் படுத்துவிடும். எழுந்தால் ஐந்து நிமிடம். மனசு வைத்தால் கால் மணி.

அந்த உச்சியில் ஏழு வருடமாகக் குப்பை கொட்டும் ஆபரேட்டருக்குப் பட்டப்பெயர் போஸ்ட்மாஸ்டர். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவர் செய்து வைத்த ஏற்பாடு அப்படி. உலகத்தில் வேலை இல்லாதவர்களும், இருந்தும் செய்யாதவர்களும் கேள்வி, பதில், சண்டை என்று எழுதிக் குவிக்கும் செய்திக்குழுக்களை, லைன் உயிரோடு இருக்கும்போது மெஷின் தானே டயல் செய்து அள்ளி வந்து சேர்த்து வைக்கும். பிறகு லைன் செத்தாலும் கவலையில்லை, தட்டிய உடனே பக்கம் வந்து நிற்கும். லைன் செத்திருக்கும்போதுகூட, பட்டியலில் ஒரு குழுவை யாராவது ஒருமுறை தட்டித் திறந்தால் போதும், ‘ஐயாவுக்கு இதில் ஆசை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த தடவை அதையும் கொண்டுவரும். எழுதிய கடிதங்கள் வெளியே போகும் பெட்டியில் காத்திருக்கும். வரவேண்டியதெல்லாம் வந்த பிறகே போகவேண்டியது போகும். படிக்கிறவர்கள் காத்திருக்கக் கூடாதே என்று போஸ்ட்மாஸ்டரே வைத்த வரிசை.

பெட்டிக்குப் பூட்டும் கிடையாது. ஸ்டேஷன் இன்சார்ஜ் ஒருமுறை சதுரங்கக் குழுவில் யாரையோ கண்டபடி திட்டி எழுதிவிட்டு, “ஐயோ, அதை எப்படியாவது எடுத்துரு தம்பி” என்று கையைப் பிசைந்த நாளிலிருந்து அது எல்லோருக்கும் திறந்த வீடு.

போஸ்ட்மாஸ்டரின் மனைவி நகரத்தில் பள்ளி ஆசிரியை. சென்ற மாதம் அவர் இறங்கிப் போனபோது, கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள்.

“முன்னாடியே சொல்லிட்டு வரக்கூடாதா? விருந்தாளி வர்றாங்கன்னா தலகாணி உறையாவது மாத்தியிருப்பேன்ல?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இதுவரை ஐந்து மாற்றல் மனு போட்டிருக்கிறார். ஐந்திலும் இன்சார்ஜ் ஒரே வாக்கியம்தான் எழுதினார்: ‘மாற்று ஆள் வரும்வரை விடுவிக்க இயலாது.’ அந்த உச்சிக்கு எந்த மாற்று ஆள் வருவான்?

ஒரு திங்கட்கிழமை, வேலைவாய்ப்புக் குழுவில் அந்த அறிவிப்பு கிடந்தது. மனைவி இருக்கும் நகரத்துக் கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. புதன் மாலை ஐந்து மணிக்குள் மின்னஞ்சல் வந்து சேர வேண்டும். லைன் படுத்திருந்தது. சாமான் ஜீப் வருவதோ வியாழன். விண்ணப்பத்தை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

செவ்வாய் காலை இன்சார்ஜ் தோளில் தட்டினார்.

“என்ன தம்பி, ரெக்கை முளைச்சிருச்சு போல?”

“சார், அது... சும்மா ஒரு...”

“சும்மாவா? உருகி உருகியில்ல எழுதியிருக்கே! பயப்படாதே. அடுத்தவன் லெட்டரை அழிக்கற ஆளா நான்?”

சொன்னது நிஜம். போஸ்ட்மாஸ்டர் ஓடிப் போய்ப் பார்த்தார், ஒரு புள்ளிகூட நகரவில்லை. அன்று பூராவும் இன்சார்ஜ்தான் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை.

“அப்படி என்ன சார் பாக்கறீங்க?”

“பொது அறிவு வளர்க்கறேன்ப்பா. இந்த வயசுலதான் நேரம் கிடைக்குது.”

புதன், நாலு நாற்பது. லைன் எழுந்து மோடம் கீச்சிட்டது. போஸ்ட்மாஸ்டருக்கு உயிர் வந்தது. சதுரங்கம், பன்னிரண்டு கட்டுரை, வந்தாயிற்று. அடுத்து பெட்டிதான் என்று நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். திரையில் வேறொன்று ஓடியது: கோழி வளர்ப்பு, இருநூற்றுப் பத்து. அப்புறம் தபால்தலை. அப்புறம் பாய்மரப் படகு, முந்நூறு.

நேற்று திறந்து பார்க்கப்பட்ட குழுக்கள் நாற்பது. மெஷின் தன் எஜமானர் சொல்லிக் கொடுத்தபடியே, ஆசை ஆசையாகச் சுமந்து வந்துகொண்டிருந்தது. நிறுத்தினால் லைனும் விழும். மறுபடி கிடைக்குமா என்பது மேகத்துக்கே தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

இன்னும் மூன்று குழு பாக்கி இருக்கும்போது, நாலு ஐம்பத்தைந்துக்கு, லைன் படுத்தது. ஐந்தும் அடித்தது.

“அடடா, போயிருச்சா?” இன்சார்ஜ் டீ டம்ளரோடு வந்து நின்றார். “விடு தம்பி. இந்த மெஷினை விட்டுட்டு நீ எங்கே போவே? நீ இல்லாட்டி இதை யாரு பாத்துக்கறது?”

போஸ்ட்மாஸ்டர் வரிசையை மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்: முதலில் போவது, பிறகு வருவது. எழுதி முடித்து எழுந்ததும் இன்சார்ஜ் அதே நாற்காலியில் உட்கார்ந்து பாய்மரப் படகைத் தட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்து நின்றது.

“என்னமா வேகம்ப்பா, உன் ஏற்பாடு! இதோ பாரு, காத்து எதிர்த்து அடிச்சாலும் துறைமுகத்தை விட்டு எப்படி வெளியே போறதுன்னு போட்டிருக்கான். நாற்காலியை இப்படிப் போட்டு உக்காரு. ஆற அமரப் படிப்போம்.”