மேட்டு லயத்துக்கு ஒரு பாட்டு

அஞ்சலட்டையில் பாட்டுக் கேட்ட காலத்தில் வானொலி அறிவிப்பாளர் நாலைந்து பெயர்களைப் படித்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவார். தொண்ணூறுகளில் நேயர்களே போன் போட்டுப் பேசும் முறை வந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. பாட்டைவிட வெட்டிப் பேச்சுதான் அதிகம்.

அன்று மதியம் ஆயர் குரோவில் என் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ரேடியோவில் ஜொகூரிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"யாருக்கெல்லாம் இந்தப் பாட்டும்மா?" என்றார் அறிவிப்பாளர்.

"செலண்டார் பக்கம் எங்க பழைய தோட்டத்து மேட்டு லயத்துக்கு லா. மொத வீட்டு ராக்கம்மாக்கா, பக்கத்துல டிரைவர் சின்னையாண்ணன்..."

என் கை நின்றது. அது நான் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். தோட்டத்தை விற்றதும் எல்லாரும் சிதறிப்போனோம். ராக்கம்மாக்கா இறந்துவிட்டார். சின்னையாண்ணனும்தான். குரல் வீடு வீடாக நடந்து வந்தது. ஒவ்வொன்றும் செத்தவர் பெயர். அடுத்தது எங்கள் வீடு.

"மீனாட்சியக்கா," என்றது குரல்.

என் அம்மா. கருமாதி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அவங்க மக பாப்பா."

அது நான். செத்தவர்கள் வரிசையில் என் பெயரும். ரேடியோவை அணைக்க ஈரக்கையோடு ஓடினேன்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டு இருப்பாங்களாம்மா?"

"கேப்பாங்க லா. மீனாட்சியக்கா வீட்டுலதான் ரேடியோ. அவங்க சத்தமா வச்சா எங்க கடைசி வீடு வரைக்கும் கேக்குமே."

அப்போதுதான் குரல் பிடிபட்டது. கடைசி வீட்டு அஞ்சலை. தோட்டத்தை விற்கும் முன்பே முதல் ஆளாக ஜொகூருக்குப் போனவள். லயம் காலியானதையோ எந்தச் சாவையோ அவளுக்கு யாருமே சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பாட்டு தொடங்கியது. அவள் சொன்ன பெயர்களில் அதைக் கேட்க நான் ஒருத்திதான் மிச்சம். அணைக்கப் போன கையால் சத்தத்தைக் கூட்டினேன், கடைசி வீடுவரை கேட்கும் அளவுக்கு.