சோற்றுக்கு அடியில் ஒரு கல்

வசந்தா அக்கா போய்விட்டார் என்று அவர் மகள் லதா போனில் சொன்னபோது, நான் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பாதித் தலை கறுப்பு, பாதித் தலை வெள்ளையாகத் தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கத்துக்கு ஓடினேன். அக்கா கண்ணைத் திறந்திருந்தால் முதலில் அவர்தான் சிரித்திருப்பார்.

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மினி லாரிக்காரன். "அம்மாவப் பத்தி நீங்கதான் மாமா எழுதணும்" என்று லதா சொல்லிவிட்டாள். அக்காவின் கல்லையெல்லாம் சுமந்தது என் வண்டிதானே.

வண்டலூர் பக்கம் அக்கா குடும்பத்துக்கு நிலம் இருந்தது. ஏர் உழும்போது தட்டுப்பட்ட கருங்கற்களைப் பொறுக்கி வரப்பு மூலையில் குவித்திருந்தார்கள். நிலம் மனைகளாக விலைபோனபோது, அக்கா அந்தக் குவியலை மட்டும் கேட்டு வாங்கினார். பொங்கலுக்குள் அள்ளாவிட்டால் அஸ்திவாரக் குழியில் கொட்டிவிடுவேன் என்று மனைக்காரர் கெடு வைத்தார்.

"இன்னாக்கா பண்ணப் போற இத்த?" என்றேன்.

"தட்டு."

"சோத்துல ஒரு கல்லு கெடந்தாலே வூட்ல சண்ட. நீ கல்லு மேலயே சோறு போடப் போறியா?"

"உள்ள கெடந்தாதான்டா மோகனு சண்ட. அடியில இருந்தா மரியாத."

வீட்டுக்குப் பின்னால் கல் தேய்க்கும் மெஷின் போட்டார். கல்லின் நடுவைக் குழித்து, கண்ணாடிபோல் பளபளக்கத் தேய்ப்பார். விளிம்பை மட்டும் தொட மாட்டார். கலப்பை கீறிய கோடு இருந்தால் அப்படியே விடுவார். கடைசியில் புளி ரசத்தை ஊற்றி விடிய விடிய வைப்பார். காலையில் கழுவிப் பார்ப்பார். கறை பிடித்த தட்டு பூந்தொட்டிக்கு அடியில் போய்விடும். அவர் வீட்டில் எப்போதும் ரச வாசனைதான்.

அத்தனை கல்லையும் வைக்க வீட்டில் இடமில்லை. பெரிய ஆர்டர் வந்தால்தான் ஷெட் பிடிக்க முடியும். பொங்கல் நெருங்கிவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓர் ஓட்டலுக்குத் தட்டுகளோடு போனோம்.

மேனேஜர் சார் ஒரு தட்டைத் தூக்கினார், உடனே வைத்துவிட்டார். "சூப்பரா இருக்கு மேடம். ஆனா வெயிட். பசங்க கிச்சன்லேர்ந்து தூக்கிட்டு வர முடியாது."

குவியல் குழிக்குள் போவது எனக்குக் கண்ணிலேயே தெரிந்தது. அக்கா நிதானமாகக் கேட்டார்: "வாழ இலையில சோத்தப் போட்டு கிச்சன்லேர்ந்தா தூக்கினு வரீங்க சார்? இலை இருக்குற எடத்துக்குத்தானே சோறு வருது? இத்தயும் இலைன்னு நெனச்சுக்கங்க."

மேனேஜர் சிரித்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை போட்டுப் பாக்கலாம் மேடம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை போட்ட தட்டுகளை அவர்கள் திருப்பி அனுப்பவே இல்லை; பெரிய ஆர்டரும் கொடுத்தார்கள். பொங்கலுக்கு முன்னால் ஒரு கல் விடாமல் ஷெட்டுக்கு ஏற்றினேன். எந்த நாட்டுக் கல் என்று ஓட்டலில் கேட்பவர்களுக்கு, "வண்டலூர் சார், நெல்லு வெளஞ்ச நெலம்" என்று பதில் வருகிறது. "வண்டலூர் ஜூவுல சிங்கம் சாப்ட்ட தட்டுன்னு நெனச்சுக்கப் போறாங்கக்கா" என்றேன். "நெனைக்கட்டும். அதுவும் நம்ம ஊருதானே" என்றார். அந்த நேரத்து அக்கா முகம், அடடா!

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு லதா வரிசையாகக் கல் தட்டுகளை வைத்தாள். மேனேஜர் சார் வந்திருந்தார். தானே ரச வாளியைத் தூக்கிப் பந்தியில் இறங்கிவிட்டார். சோறு தட்டுகளைத் தேடி வந்தது. இதைத்தானே சொன்னீர்கள், அக்கா? நேரில் உங்களை ஒரு நாளும் 'நீங்க' என்று கூப்பிடாதவன், எழுத்திலாவது கூப்பிடுகிறேன். போய் வாருங்கள், அக்கா.

துக்க வீட்டுச் சாப்பாட்டில் இலையை எதிர்ப்பக்கமாக மடிப்பது வழக்கம். சாப்பிட்டு முடித்ததும் நான் கல் என்பதை மறந்து, தட்டின் விளிம்பைப் பிடித்து எதிர்ப்பக்கமாக மடிக்கப் போனேன். தட்டு மேசையைத் தாண்டி, எதிரே நின்ற மேனேஜர் சாரின் ரச வாளிக்குள் இறங்கியது. மேனேஜர் சாருக்கு வேறு சட்டை கொடுத்தோம். தட்டைக் கழுவிப் பார்த்தோம். கறை இல்லை.