வீட்டுக்குள் ஒரு ஸ்திரீ

அக்கா அரைத்து வைத்திருந்த மாவை என் மனைவி சிங்க்கில் கொட்டிக்கொண்டிருந்தாள். புளித்துவிட்டதா என்று கேட்டேன். "இல்ல" என்றாள். குழாயைத் திறந்துவிட்டு, வெள்ளையெல்லாம் கரைந்து போகும்வரை அங்கேயே நின்றாள்.

பெங்களூர் தொம்மலூரில், பழைய ஊர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். நான், மனைவி, அத்தான் இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்ட என் அக்கா என்று மூன்று பேர்தான். மனைவிக்கு இரண்டு முறை கரு தங்கிக் கலைந்திருந்தது. இரண்டாவது முறைக்குப் பிறகு அவள் சபையில் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. ஆறுதல் என்ற பேரில் ஆளுக்கொன்று கேட்டார்கள். அதற்குப் பதில், போனில் ஓர் ஊழியக்காரரின் நேரலை ஜெபத்தைக் கேட்க ஆரம்பித்தாள். காதில் இயர்போனோடு சமைப்பாள், துணி மடிப்பாள், அழுவாள். அழுது முடித்ததும் முகம் தெளிந்திருக்கும். நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

மாவைக் கொட்டிய அன்று என்னை அறைக்குள் கூப்பிட்டு ஒரு பதிவைப் போட்டுக் காட்டினாள். அந்த ஊழியக்காரர் அவளைப் பேர் சொல்லி அழைத்தார். இழந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மகளே, உன் வீட்டுக்குள்ளே ஒரு ஸ்திரீ இருக்கிறாள். உன் ஆசீர்வாதத்தைக் கட்டி வைத்திருக்கிறவள் அவளே. அவள் கையால் வருவதைப் புசிக்காதே" என்றார்.

"அண்ணியத் தவிர இந்த வீட்ல வேற யாருங்க இருக்காங்க?" என்றாள் மனைவி.

"நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப உன் துணியெல்லாம் தொவச்சது அவங்கதான்."

"அதாங்க எனக்குப் பயமா இருக்கு."

சிரித்துத் தள்ளியிருக்கலாம். என்னால் முடியவில்லை. கடவுள் மனிதர் வாயால் பேசுவார் என்று சிறுவயதிலிருந்து நம்பி வந்தவன் நான். பிள்ளைகள் போனது அந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி, பீன்யா தொழிற்பேட்டையில் மிஷின் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேர் சொல்லாமல், யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னேன். கடவுளே ஏமாற்று என்று பேசும் சேனல்களை விடாமல் பார்ப்பவர் அவர். "சும்னே தலை கெடுத்துக்காதீங்க சார். எல்லாமே பிஸினஸ்தான். மொத்தமா தூக்கிப் போட்டுட்டு வெளிய வரச் சொல்லுங்க" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தார். ஊழியக்காரர் பேச்சில் இருந்த அதே உறுதி இவரிடமும் இருந்தது. அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்று அவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வாசலில் கைகொடுத்துக்கொண்டிருந்த எங்கள் ஆயரிடம் சொல்லிப் பார்த்தேன். "அந்த மாதிரி ஆளுங்களக் கேக்காதீங்கன்னு பிரசங்கத்துலயே சொல்லியிருக்கேனே. ஜெபிப்போம்" என்றார். அவர் கை அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

வீட்டில் பேச்சு நின்றுபோனது. மனைவி தண்ணீரைக்கூடத் தனி பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டாள். அக்காவும் மாறிப்போயிருந்தாள். மேஜையில் உட்காரவே வருவதில்லை. கேட்டால் "வயிறு சரியில்லடா" என்பாள். மனைவி என் தோள் பக்கம் வந்து, "பாத்தீங்களா? குத்தம் உள்ளவங்கதான் எதிர்ல உக்காந்து சாப்பிட மாட்டாங்க" என்று முணுமுணுத்தாள். எனக்கும் அது சரியாகப் பட்டது. அக்கா அடுப்படிக்குள் போனால் என் கண் அவள் கைகளின் பின்னால் போக ஆரம்பித்தது.

கடைசியில் மனைவி சொல்லிவிட்டாள். "அவங்க ஸ்ரீராம்புரத்துல உங்க சித்தி வீட்ல கொஞ்ச நாள் இருக்கட்டும். இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன்."

சரி என்றேன்.

அன்று சாயங்காலம் அக்காவின் அறைக்குப் போனபோது கட்டிலின் மேல் பை திறந்து கிடந்தது. புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே போறேன்" என்றாள். "என் புள்ள என்கூடப் பேசாம இருக்கறதுக்குக் காரணம் இந்த வீட்லயே இருக்கு. உன் பொண்டாட்டியப் பத்தி உங்கிட்ட எப்படிடா சொல்றது?"

புனேயில் வேலை பார்க்கும் அவள் மகன், கல்யாணத்துக்குப் பிறகு போன் செய்வதை நிறுத்தியிருந்தான். அது எனக்குத் தெரியும். அதற்கும் என் மனைவிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அக்கா போனை என்னிடம் நீட்டினாள்.

அதே குரல். "மகளே, உன் வீட்டுக்குள்ளே ஒரு ஸ்திரீ இருக்கிறாள்."

மனைவியைக் கூப்பிட்டு, அவள் போனையும் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு பதிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். குரலைத் தாழ்த்தும் இடம்கூட மாறவில்லை.

இருவரும் அழுது கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். மனைவி அக்காவை நேராகப் பார்த்து, "ரெண்டுல ஒண்ணு நெஜமா இருக்கலாம்ல?" என்றாள்.

அக்காவின் முகம் வெளுத்தது. ஆனால் குரல் உயரவில்லை. "இருக்கலாம். ஜெபத்துக்காக நீ அந்த ஊழியக்காரர் ஆபீசுக்கு போன் பண்ணப்ப, வீட்ல யார் யார் இருக்காங்கன்னு கேட்டாங்களா?"

மனைவி யோசித்தாள். "ஜெப விண்ணப்பம் எழுதிக்கற பொண்ணு கேட்டுச்சு. என்ன பிரச்சனைன்னும் கேட்டுச்சு. எல்லாம் சொன்னேன்."

"என்னையும் கேட்டுச்சு. நானும் சொன்னேன்."

பிள்ளைகள் போனது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் அத்தனை நாள் தவித்ததற்கு இதுதான் விடை. கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

மனைவி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நீங்க வீட்ல சாப்பிடாதது...?"

"நீ மாவக் கொட்டினதப் பாத்தேன். அதுல என்னவோ கலந்துட்டு, நான் கண்டுபிடிச்சிருவேன்னு கொட்டறியோன்னு நெனச்சேன். பேக்கரில பன்னு வாங்கித் தின்னுட்டு இருந்தேன்."

பிறகு மனைவி எழுந்து போய், ஒரு தட்டில் சோறும் சாம்பாரும் போட்டுக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்தாள். அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை போகவில்லை. மனைவி அந்தத் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துத் தின்றாள். அதற்கப்புறம் அக்கா பிசைந்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். மனைவி எழுந்து போகாமல் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அக்கா ஸ்ரீராம்புரம் போகவில்லை. மகன் எப்போதாவது பேசுகிறான், எங்களுக்குப் பிள்ளை இன்னும் இல்லை. மனைவி அந்த ஊழியக்காரரை விட்டுவிட்டாள், வேறு ஒருவரைக் கேட்கிறாள். ஆனால் இயர்போன் இல்லாமல், கூடத்தில், எங்கள் காதிலும் விழும்படி வைக்கிறாள். போன வாரம் அவர் ஏதோ ஒரு சாபத்தைப் பற்றி ஆரம்பித்தபோது அக்கா கீரை ஆய்ந்துகொண்டே, "இது யாரு மேலயாம்?" என்றாள். மனைவி போனை எடுத்து அணைத்துவிட்டு, கீரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.