என் மகனைக் குடிகாரன் ஆக்கிய நாள்

அன்று டாக்டர் அறையில் இருந்தது நான்கு பேர்: டாக்டர், என் மகன், நான், எங்களைத் தன் காரில் அழைத்து வந்த வல்லத்திராக்கோட்டைக்காரர். அவர் மகனுக்குத்தான் என் மகளைப் பேசியிருந்தோம்.

என் மகனுக்கு ரத்தம் ஓடாமல் இடுப்பெலும்பு இற்றுக்கொண்டிருந்தது. "இது குடியால வரும், சில பேருக்குப் பரம்பரையாவும் வரும். வீட்ல யாருக்காச்சும் இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

எனக்கு இருந்தது. அது மகனுக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னால் மகள் கல்யாணம் நின்றுவிடும்.

"எங்க வம்சத்துலயே இல்லைங்க. இவன் குடிப்பான்" என்றேன். அவன் குடித்ததே இல்லை.

"இனிமே விட்டுருங்க தம்பி" என்றார் வல்லத்திராக்கோட்டைக்காரர்.

"சரிங்க மாமா" என்றான் மகன்.

வெளியே வந்ததும் என் பையை வாங்கிக்கொண்டு, "மெதுவா வாம்மா, ஒனக்கும் வலிக்கும்ல" என்றான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்தப் பொய்யைச் சொன்ன வாயில் சோறு வைக்கும்போது இன்றும் எனக்குக் குமட்டுகிறது.